முதுகுப்பைப் பயணம்

முதுகுப்பைப் பயணம் என்பது, முதுகில் சுமக்கக்கூடிய ஒரே பையில் தேவையான பொருட்களை வைத்துக்கொண்டு, குறைந்த செலவில், பெரும்பாலும் முழுமையான முன்திட்டம் இல்லாமல், பல நாட்களோ பல மாதங்களோ ஊர் ஊராகச் செல்லும் சுற்றுலா முறை ஆகும். குழுச் சுற்றுலாவில் பயண முகவர் செய்யும் வேலைகள் அனைத்தையும் (வழி தேடல், தங்குமிடம் பிடித்தல், பேரம் பேசல், நோய்வாய்ப்பட்டால் மருத்துவரைக் கண்டுபிடித்தல்) இம்முறையில் பயணியே செய்கிறார். இவ்வாறு வெளிநாடு செல்வோரில் பலர் தனியாகச் செல்பவர்கள். இக்கட்டுரை தனியாள் பயணத்தையே முதன்மையாக விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தென்கிழக்காசியாவிலிருந்து தரப்பட்டுள்ளன.

பெயர்

ஆங்கிலத்தில் இது பேக்பேக்கிங் எனப்படுகிறது. வட அமெரிக்காவில் இச்சொல் முதன்மையாகக் கூடாரம், உணவு ஆகியவற்றைச் சுமந்து காடு மலைகளில் பல நாட்கள் நடப்பதைக் குறிக்கும். பிற நாடுகளில் மலிவான விடுதிகளில் தங்கி நாடுகளைச் சுற்றுவதையே குறிக்கும். சமூகவியலாளர் எரிக் கோகன் 1972 ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், நிறுவனங்களைச் சாராமல் திரியும் இத்தகைய பயணிகளை "அலைந்து திரிபவர்" என்ற தனி வகையாகக் குறித்தார். தமிழில் சிலர் இதனை நாடோடிப் பயணம் என்கின்றனர். நாடோடி மக்களுக்கு அலைதலே வாழ்க்கை. முதுகுப்பைப் பயணிக்கோ திரும்பிச் செல்ல ஒரு வீடும் பெரும்பாலும் ஒரு வேலையும் உண்டு. ஆகவே அச்சொல் அவ்வளவு பொருத்தமானதன்று.

வரலாறு

மலிவான விடுதி என்ற கருத்து செருமானியப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்டு சிர்மான் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. 1909 ஆம் ஆண்டில் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது புயலில் சிக்கிய அவர், ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளிகளை இளையோர் தங்குமிடமாக்கலாம் என்ற எண்ணம் அங்கு பிறந்தது. 1912 இல் ஆல்ட்டெனா கோட்டையில் முதலாவது நிரந்தர இளையோர் விடுதி உருவானது. பலர் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் படுக்கும் முறை அன்றுமுதல் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

பையின் வளர்ச்சியும் குறிப்பிடத்தக்கது. 1952 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டம் பொருத்திய பைகளை விற்கத் தொடங்கினார். சட்டமும் இடுப்புப் பட்டையும் சேர்ந்து சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு மாற்றுகின்றன. தோள் தசைகள் விரைவில் களைத்துவிடும். இடுப்போ கால் எலும்புகளின் மேல் நேராக அமைந்திருப்பதால் சுமையை நெடுநேரம் தாங்கும். பை வாங்குவோர் பலர் கொள்ளளவை மட்டும் பார்த்து இடுப்புப் பட்டையைக் கவனிக்காமல் விடுகின்றனர். அதன் விளைவு மூன்றாம் நாளில் தெரியும்.

1957 இல் ஆர்தர் புரோமர் எழுதிய, நாளொன்றுக்கு 5 டாலரில் ஐரோப்பாவைச் சுற்றும் வழி கூறும் நூல், எளிய வருவாய் உடையோரும் வெளிநாடு செல்லலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியது. 1972 இல் இளையோருக்கான இண்டர்ரெயில் தொடருந்துச் சீட்டு ஐரோப்பாவில் அறிமுகமானது.

ஆசியாவைப் பொறுத்தவரை முன்னோடி "இப்பி தடம்" ஆகும். 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் இறுதி வரை மேற்கு நாட்டு இளையோர் இசுதான்புல், தெகுரான், எராத்து, காபூல், பெசாவர், லாகூர் வழியாகத் தில்லிக்கும் காத்மாண்டுவுக்கும் தரைவழியே வந்தனர். கைத்தொலைபேசி இல்லாத அக்காலத்தில் இசுதான்புல்லின் ஓர் உணவகத்திலிருந்த அறிவிப்புப் பலகையே அவர்களுக்கு அஞ்சல் நிலையம். வண்டியில் இடம் வேண்டுவோரும், வழியில் பிரிந்த நண்பரைத் தேடுவோரும் அதில் துண்டுச் சீட்டு ஒட்டிச் சென்றனர். 1979 இல் ஈரானியப் புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானித்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும் இத்தடத்தை மூடிவிட்டன.

இத்தடத்தில் 1972 இல் இலண்டனிலிருந்து ஆத்திரேலியா சென்ற தோனி வீலர், மவுரீன் வீலர் இணையர், சிட்னியை அடைந்தபோது கையில் 27 காசுகளே வைத்திருந்தனர். எவ்வாறு வந்தீர்கள் என்று பலரும் கேட்டதால், 1973 இல் தாங்களே ஒரு சிறு நூலை எழுதி வீட்டில் வைத்தே தொகுத்து விற்றனர். லோன்லி பிளானட் பதிப்பகம் இவ்வாறு பிறந்தது. 1975 இல் அவர்கள் வெளியிட்ட தென்கிழக்காசியக் கையேடு, மூடப்படவிருந்த பழைய தடத்துக்கு மாற்றாகப் புதியதொரு தடத்தைக் காட்டியது.

தென்கிழக்காசியத் தடம்

இப்பகுதியில் பயணிகள் வழக்கமாகச் செல்லும் வழி "வாழைப்பழ அப்பத் தடம்" என வேடிக்கையாக அழைக்கப்படுகிறது. மேற்கத்தியப் பயணிகளின் நாவுக்கேற்ப விருந்தினர் இல்லங்கள் செய்து கொடுத்த வாழைப்பழ அப்பமே இப்பெயருக்குக் காரணம். இது வரையறுக்கப்பட்ட ஒரே பாதையன்று. தாய்லாந்து, லாவோசு, வியட்நாம், கம்போடியா, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் மலிவு விடுதிகள் திரண்டுள்ள ஊர்களின் தொடராகும்.

இதன் நடுவம் பேங்காக் நகரின் காவோ சான் சாலை. இப்பெயருக்கு உமி நீக்கிய அரிசி என்பது பொருள். முன்பு இது அரிசி வணிகத் தெருவாக இருந்தது. 1980களில் இங்கிருந்த குடும்பங்கள் வீட்டு அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கியபின் தெரு முழுவதும் விருந்தினர் இல்லங்களாக மாறியது. வடக்கே சியாங் மாய்க்குச் செல்லும் இரவுத் தொடருந்தும், லாவோசின் உவாய் சாய் என்ற எல்லை ஊரிலிருந்து மேக்கொங் ஆற்றில் இரண்டு நாட்கள் மிதந்து லுவாங் பிரபாங் செல்லும் மெதுபடகும் இத்தடத்தின் அறியப்பட்ட கூறுகள். படகு இரவில் செல்வதில்லை. பாக்பெங் என்ற சிற்றூரில் அனைவரும் இறங்கித் தங்க வேண்டும். 2021 திசம்பரில் லாவோசு-சீனா தொடருந்துப் பாதை திறக்கப்பட்டபின், லுவாங் பிரபாங்கிலிருந்து வியஞ்சானுக்கு மலைச்சாலையில் ஒரு பகல் முழுவதும் எடுத்த பயணம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. ஆயினும் படகுக்கு இன்றும் ஆட்கள் இருக்கின்றனர். வேகமாகச் செல்வது இப்பயணிகளின் நோக்கமன்று என்பதை இது காட்டுகிறது.

இத்தடத்தில் தமிழருடன் தொடர்புடைய இடமும் ஒன்று உண்டு. மலேசியாவின் பினாங்கில் மலிவு விடுதிகள் நிறைந்த சூலியா தெரு, சூலியர் எனப்பட்ட தமிழ் முசுலிம் வணிகர்களின் பெயரைத் தாங்கியது. அப்பகுதியில் பயணிகள் விரும்பி உண்ணும் நாசி கண்டார் என்ற உணவும் தமிழ் முசுலிம்கள் காவடித்தண்டில் சுமந்து விற்றதிலிருந்து வந்ததே.

செலவின் கணக்கு

தனியாகச் செல்வது மலிவு என்பது பரவலான தவறான கருத்து. விடுதிகள் அறைக்கே வாடகை வாங்குகின்றன, ஆளுக்கன்று. ஓர் அறையின் வாடகை 1200 ரூபாய்க்கு நிகரானது எனக் கொண்டால், இருவர் சென்றால் தலைக்கு 600. ஒருவர் சென்றால் முழு 1200. வாடகைச் சிற்றுந்து, படகு, வழிகாட்டி ஆகியவற்றுக்கும் இதுவே கணக்கு. கட்டில் கட்டிலாக விற்கப்படும் பொது அறை தனியாளுக்கு இன்றியமையாதது ஆவதற்கு இதுவே காரணம். அங்கு அவர் மிச்சப்படுத்தும் பணத்துக்கு விலையாகக் கொடுப்பது தூக்கம். பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் அதிகாலை 4 மணிப் பேருந்துக்குப் புறப்படுபவர் ஒருவராவது இருப்பார். அவருடைய பொருட்கள் அனைத்தும் நெகிழிப் பைகளில் இருக்கும்.

செலவைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி விடுதியின் விலையன்று, நகரும் வேகம். ஒரு மாதத்தில் நான்கு நாடுகளைப் பார்ப்பவர், இரண்டு நாடுகளில் தங்குபவரைவிட ஏறத்தாழ எப்போதும் கூடுதலாகச் செலவிடுவார். இரவுத் தொடருந்தும் இரவுப் பேருந்தும் ஓர் இரவின் வாடகையை மிச்சப்படுத்தும். ஆனால் அடுத்த நாள் களைப்பில் கழிந்தால் அது மிச்சமா என்பது ஐயமே.

பணத்தை எவ்வாறு எடுத்துச் செல்வது என்பதிலும் ஒரு சிக்கல் உள்ளது. தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்குத் தன்னியக்க வங்கி இயந்திரங்கள் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பெறுகின்றன. கட்டணத்தைக் குறைக்க ஒரே முறையில் பெருந்தொகை எடுத்தால், திருட்டில் இழக்கும் தொகையும் பெரிதாகும். இயந்திரமோ கடையோ "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா" என்று கேட்டால் மறுப்பதே நல்லது; அவ்வாறு மாற்றும் விகிதம் பெரும்பாலும் பயணிக்குப் பாதகமானது.

தனிமை

தனியாள் பயணத்தின் சிறப்பாகக் கூறப்படுவது விடுதலை. விரும்பிய ஊரில் கூடுதலாக ஒரு நாள் தங்கலாம். பிடிக்காத ஊரிலிருந்து உடனே கிளம்பலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்னொன்று, தனியாக இருப்பவரிடம் உள்ளூர் மக்கள் எளிதில் பேசுகின்றனர். இருவராக அமர்ந்திருப்போரின் உரையாடலில் குறுக்கிடத் தயங்கும் ஒருவர், தனியாக உண்பவரைத் தம் மேசைக்கு அழைப்பார்.

இதே விடுதலையின் மறுபக்கம், எல்லா முடிவுகளையும் ஒருவரே எடுக்க வேண்டியிருப்பது. எங்கே உண்பது, எந்தப் பேருந்து, இந்த ஓட்டுநரை நம்பலாமா என்று நாளொன்றுக்குப் பல முடிவுகள். மூன்று நான்கு வாரங்களுக்குப் பின் பலருக்கு ஒரு சலிப்பு ஏற்படுகிறது. கோயில்கள் ஒன்றுபோல் தோன்றும். அருவிக்குச் செல்லாமல் விடுதியில் படுத்து வீட்டுக்குத் தொலைபேசுவார்கள். ஒரே ஊரில் சில நாட்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதே இதற்கு வழக்கமான தீர்வு. அதைத் தோல்வியாகக் கருதிப் பலர் மேலும் வேகமாக ஓடி மேலும் களைப்படைகின்றனர்.

விடுதிகளின் பொது அறையில் நட்பு விரைவாக உருவாகும். மூன்று நாட்களில் முடிந்தும் விடும். எந்த நாடு, எங்கிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே, எவ்வளவு நாட்கள் என்ற அதே கேள்விகளுக்கு ஒவ்வொரு மாலையும் பதில் சொல்ல வேண்டியிருப்பதை நீண்டநாள் பயணிகள் அனைவரும் அறிவர். ஆயினும் அடுத்த ஊருக்குத் துணையோ, மருந்து வாங்கித் தர ஆளோ கிடைப்பது இவ்வாறே.

பொறியியல் நோக்கில் பார்த்தால், தனியாள் பயணி மாற்று உறுப்பு இல்லாத ஓர் அமைப்பு. கழிப்பறைக்குச் செல்லும்போது பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வயிற்றுப்போக்கில் எழ முடியாமல் கிடக்கும்போது தண்ணீர் கொண்டுவர ஆளில்லை. ஆகவே அனுபவமுள்ளோர் மாற்றுகளை முன்பே ஏற்படுத்திக்கொள்கின்றனர்: இரண்டு வங்கி அட்டைகளை வெவ்வேறு இடங்களில் வைத்தல், கடவுச்சீட்டின் படியை வீட்டில் ஒருவரிடம் கொடுத்தல், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைப் பையின் மேலறையிலேயே வைத்தல், அடுத்த ஊரின் பெயரைக் குறிப்பிட்ட நாளில் வீட்டுக்குத் தெரிவித்தல் போன்றவை.

இடர்கள்

தொடக்கப் பயணிகள் அஞ்சுவது திருட்டையும் கொலையையும். உண்மையில் கூடுதலாகத் தீங்கு செய்வது வாடகை உந்துருளி. தாய்லாந்துத் தீவுகளில் முழங்காலில் கட்டுடனோ, புகைக்குழாய் சுட்ட வடுவுடனோ திரியும் பயணிகளைக் காண்பது மிகச் சாதாரணம். அவ்வடுவுக்குத் "தாய்லாந்துப் பச்சை" என்றே கேலிப்பெயர் உண்டு. அந்நாட்டில் செல்லுபடியாகும் உந்துருளி உரிமம் இல்லாதவருக்குப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. வாடகைக்கு விடுபவர் உரிமம் கேட்கவில்லை என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு பொருட்டன்று. பிணையாகக் கடவுச்சீட்டையே கேட்கும் கடைகளும் உள்ளன. கொடுத்துவிட்டால், வண்டியில் ஏற்கெனவே இருந்த கீறலுக்கும் கேட்ட தொகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

லாவோசின் வாங் வியங் இவ்வகைப் பயணத்தின் இருண்ட பக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் ஊர். காற்றடைத்த வண்டிச் சக்கரக் குழாயில் அமர்ந்து நாம் சொங் ஆற்றில் மிதந்து, கரையோர மதுக்கடைகளில் நின்று நின்று செல்வது இங்கு புகழ்பெற்ற பொழுதுபோக்காக இருந்தது. 2011 ஆம் ஆண்டில் மட்டும் 27 சுற்றுலாப் பயணிகள் இறந்ததாக உள்ளூர் மருத்துவமனைக் கணக்கு கூறியது. 2012 இல் அரசு கரையோரக் கடைகளை மூடியது. 2024 நவம்பரில் அதே ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தனர்.

மெத்தனாலைச் சுவையாலோ மணத்தாலோ வழக்கமான சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. உடலில் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இம்மாற்றத்துக்குப் பல மணி நேரமாவதால், அடுத்த நாள் வரும் தலைவலியும் வாந்தியும் வழக்கமான மதுக் களைப்பு எனத் தவறாகக் கொள்ளப்படுகின்றன. பார்வை மங்குவது முக்கிய அறிகுறி. மருத்துவமனையில் விரைவாகச் சேர்த்தால் மாற்று மருந்து உண்டு. தனி அறையில் தனியாகப் படுத்திருப்பவரைச் சேர்ப்பது யார் என்பதே சிக்கல்.

நாய் அல்லது குரங்கு கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். நோய்க்குறிகள் தோன்றியபின் இந்நோய் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது. சிறு கீறல்தானே என்று படகைத் தவறவிடாமல் சென்றுவிடுவது செய்யக்கூடாத சிக்கனம்.

தீ விபத்தைப் பற்றிப் பயணிகள் அரிதாகவே சிந்திக்கின்றனர். 2000 சூன் 23 அன்று ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்திலுள்ள சில்டர்சு என்ற சிற்றூரின் பயணியர் விடுதியில் ஒருவர் வைத்த தீயில், பழம் பறிக்கும் வேலைக்கு வந்திருந்த இளையோர் 15 பேர் இறந்தனர். தீ எச்சரிக்கை அமைப்பு இயங்கவில்லை. கம்பியிட்ட சாளரங்களால் வெளியேற முடியவில்லை. மலிவு விடுதியில் முதலில் பார்க்க வேண்டியது இணைய வசதியையன்று, இரண்டாவது வெளிவாசலை.

ஏமாற்று வேலைகள் பெரும்பாலும் சிறியவை, ஆண்டுக்கணக்கில் மாறாதவை. பேங்காக்கின் அரண்மனை வாயிலருகே நன்கு உடுத்திய ஒருவர் "இன்று மூடியிருக்கிறது" என்று கூறி, மலிவான மூவுருளி உந்தில் ஏற்றி மணிக்கற்கடைக்கு அனுப்புவார். அரண்மனை திறந்தே இருக்கும். தாய்லாந்து-கம்போடியத் தரைவழி எல்லையில் உண்மையான அலுவலகத்துக்கு முன்பே போலி நுழைவிசைவு அலுவலகம் வைத்துக் கூடுதல் பணம் பெறுவதும் நெடுநாளாக நடந்து வந்தது.

பெண்களின் தனியாள் பயணம் புதியதன்று. அயர்லாந்துப் பெண் தெர்வ்லா மர்பி 1963 இல் மிதியுந்தில் தனியாக இந்தியா வரை வந்தார். வழியில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியைப் பயன்படுத்தவும் நேர்ந்தது. இன்று பல விடுதிகளில் பெண்களுக்கெனத் தனிப் பொது அறைகள் உள்ளன. பகலில் ஊர் சேருமாறு பேருந்தைத் தேர்ந்தெடுத்தல், தங்குமிடத்தின் பெயரை அறிமுகமற்றோரிடம் கூறாதிருத்தல், கணவர் அடுத்த ஊரில் காத்திருப்பதாகச் சொல்லுதல் ஆகியன பெண் பயணிகள் பரவலாகக் கையாளும் வழிகள். இவை அனைத்தும் ஆண் பயணிக்குத் தேவைப்படாத கூடுதல் வேலை. அவர் மலிவான இரவுப் பேருந்தில் ஏறும்போது, பெண் பயணி பகல் வண்டிக்கும் நல்ல தெருவிலுள்ள அறைக்கும் கூடுதலாகச் செலவிடுகிறார்.

கடவுச்சீட்டின் வேறுபாடு

திட்டமின்றிச் செல்வதே இப்பயணத்தின் உயிர் என ஆங்கிலக் கையேடுகள் எழுதுகின்றன. இது எந்நாட்டுக் கடவுச்சீட்டு என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவின் செங்கன் நாடுகளுக்கு நுழைவிசைவு கோரும் இந்தியர், வங்கிக் கணக்கு அறிக்கை, பயணத் திட்டம், தங்குமிடச் சான்று, குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை முன்பே காட்ட வேண்டும். நாளை எங்கே தங்குவேன் என்று தெரியாது என்பவருக்கு அங்கு நுழைவிசைவு கிடைக்காது. நேபாளம் இந்தியருக்கு நுழைவிசைவு கேட்பதில்லை. 2023 நவம்பரில் தாய்லாந்தும், திசம்பரில் மலேசியாவும் இந்தியருக்கு இக்கட்டாயத்தை நீக்கியது தென்கிழக்காசியத் தடத்தில் இந்திய இளையோர் பெருகியதற்கு ஒரு காரணம். நுழைவிசைவு தேவையில்லை என்றாலும் குடிவரவு அலுவலர் திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடம், கைப்பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். கசங்கிய உடையுடன் தனியாக வரும் இளைஞர் அழுக்கடைந்த பையைக் காட்டி இதற்கு விடை கூற முடியாது. தாள்களைத் தனி உறையில் வைத்திருப்பதே வழி. இந்தியாவிலிருந்து புறப்படுபவர் பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலருக்கு நிகரான வெளிநாட்டு நாணயத் தாள்களையே கொண்டுசெல்லலாம். எஞ்சியதை அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

செல்லும் ஊர்களில் ஏற்படும் விளைவுகள்

குறைவாகச் செலவழிக்கும் பயணியால் நாட்டுக்குப் பயனில்லை என்று பல அரசுகள் கருதின. புவியியலாளர் ரெசைனா சேவன்சு 2002 இல் இதனை மறுத்து எழுதினார். நட்சத்திர விடுதியில் தங்குபவரின் பணம் பெருமளவு வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செல்லக்கூடும். முதுகுப்பைப் பயணியின் சிறு தொகையோ வீட்டுக்காரர், படகோட்டி, தெருவோரச் சமையற்காரர் ஆகியோரிடம் நேராகச் சேர்கிறது. அவர் நீண்ட நாள் தங்குவதால் மொத்தத் தொகையும் சிறிதன்று. அதே வேளையில், கடும் சிக்கனத்தைப் பெருமையாகக் கொண்டு காய்கறி விற்பவரிடம் சில்லறைக்குச் சண்டையிடும் பயணிகளைப் பற்றிய மனக்குறை எல்லா ஊர்களிலும் உண்டு. 2010களின் பிற்பகுதியில், தெருவோரம் அமர்ந்து அடுத்த பயணத்துக்குப் பணம் கேட்ட மேற்கு நாட்டு இளையோர் தென்கிழக்காசிய ஊடகங்களில் கண்டிக்கப்பட்டனர்.

நல்லெண்ணமும் தீங்காகலாம். கம்போடியாவில் பயணிகள் நன்கொடை கொடுத்துப் பார்வையிட்ட அநாதை இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர். பயணிகளின் வருகையே இல்லங்கள் பெருகுவதற்குக் காரணமானதால், 2011 முதல் குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர் என்ற பரப்புரை அங்கு நடத்தப்பட்டது.

யாரும் அறியாத கடற்கரையைத் தேடும் முதுகுப்பைப் பயணிகளைப் பற்றி அலெக்சு கார்லண்டு 1996 இல் எழுதிய தி பீச் என்ற புதினம் 2000 இல் திரைப்படமானது. படம் எடுக்கப்பட்ட தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்குப் பின்னாளில் ஒரே நாளில் 5,000 பேர் வரை வந்தனர். படகு நங்கூரங்களாலும் பிறவற்றாலும் பவளப்பாறைகள் அழிந்ததால் 2018 சூனில் விரிகுடா மூடப்பட்டது. மூன்றரை ஆண்டுகளில் கருந்துடுப்புச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பின. 2022 சனவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது வருவோரின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது. படகுகள் விரிகுடாவுக்குள் நுழையாமல் தீவின் பின்புறம் நிற்க வேண்டும் என்றும், நீந்தக்கூடாது என்றும் விதிக்கப்பட்டது.